ட்ரீம்காஸ்ட்டை லினக்ஸ் டயல்-அப் சர்வர் வழியே இணையத்தில் ஏற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் என்ற விளையாட்டுக் கன்சோல் 1998 நவம்பரில் ஜப்பானிலும் 1999 செப்டம்பரில் வட அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. 200 மெகாஹெர்ட்ஸ் ஹிட்டாச்சி எஸ்எச்-4 செயலி, 16 எம்பி நினைவகம், பக்கவாட்டில் கழற்றி மாட்டக்கூடிய மோடம். வட அமெரிக்கப் பதிப்பின் மோடம் 56 கிலோபிட். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 33.6 கிலோபிட். 2001 மார்ச்சோடு உற்பத்தி நின்றது. ஆனால் இணையத்தில் ஆடும் வழக்கம் மட்டும் சாகவில்லை. பல விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் சொந்தமாக சர்வர் எழுதி இன்றும் நடத்துகிறார்கள். அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு: கன்சோலின் மோடம் எதிர்பார்ப்பது டயல்-அப், அதாவது தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணையும் முறை.

கையில் இருந்தது வட அமெரிக்க ட்ரீம்காஸ்ட் ஒன்று, மோடம் நல்ல நிலையில். கூடவே டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினி, அதில் செருக ஒரு யூஎஸ்பி மோடம். நோக்கம் எளிது: கன்சோல் வழக்கம்போல எண்ணைச் சுழற்ற வேண்டும், மறுமுனையில் லினக்ஸ் எடுக்க வேண்டும், பிபிபி (தொலைபேசிக் கம்பி வழியே இணையப் பாக்கெட்டுகளைக் கடத்தும் நெறிமுறை) இணைப்பு அமைய வேண்டும், அங்கிருந்து வீட்டு ரூட்டர் வழியே வெளியுலகம்.

ட்ரீம்காஸ்ட்டுக்கு ஈதர்நெட் பிராட்பேண்ட் அடாப்டரும் உண்டு, அதை மாட்டினால் தீர்ந்ததே என்று தோன்றும். அது அரிதான பொருள், விலையும் கொழுத்தது. அதைவிட முக்கியம், அதை ஆதரிக்கும் விளையாட்டுகள் சொற்பம். ஃபாண்டஸி ஸ்டார் ஆன்லைன், குவேக் 3 அரீனா, அன்ரியல் டோர்னமென்ட் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவை மோடத்தைத் தவிர வேறு எதையும் அறியாதவை. ஆக, மோடம்தான் பொதுவழி.

தொடங்கும்போது லினக்ஸ் பக்கம்தான் தலைவலி தரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பிபிபிடி (லினக்ஸில் பிபிபி-யை நடத்தும் நிரல்), ஃபயர்வால், ரூட்டிங் என்று பெயர்களே மிரட்டும். நடந்தது நேர்மாறு. லினக்ஸ் எது நடந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடும். அதைப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும். நேரத்தைத் தின்றது இரண்டு மோடத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய, இப்போது இல்லாத தொலைபேசி எக்ஸ்சேஞ்ச். அது எதையும் எழுதி வைக்காது. இல்லாத ஒன்று எப்படி எழுதும்?

எக்ஸ்சேஞ்ச் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது

இரண்டு மோடத்தையும் ஒரு தொலைபேசி வயரால் நேரடியாக இணைத்ததும் கன்சோல் சொன்னது: டயல் டோன் இல்லை. சரி, எதிர்பார்த்ததுதான். டயல் டோனை எதிர்பார்க்காதே என்று சொல்ல மோடம் கட்டளைகளில் வழி இருக்கிறது (எக்ஸ்3 என்ற அமைப்பு). கன்சோலில் இணையப் பக்கங்களைத் திறக்கும் பிரவுசர் வட்டின் அமைப்புகளில் அதைச் சேர்க்கலாம். சேர்த்ததும் கன்சோல் எண்ணைச் சுழற்றியது. லினக்ஸ் பக்கம் கையால் பதிலளிக்கும் கட்டளையைக் கொடுத்தோம். இரண்டு மோடமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு இரண்டும் கைவிட்டன.

இங்கே நிறுத்தி, எக்ஸ்சேஞ்ச் ஒரு வீட்டு இணைப்புக்கு என்னென்ன கொடுத்தது என்று எழுதிப் பார்த்தோம். ஒன்று, மின்னழுத்தம்: ரிசீவர் கீழே இருக்கும்போது இரு கம்பிகளுக்கு இடையே சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம், எடுத்ததும் 20 மில்லிஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். அடுத்தது டயல் டோன். வட அமெரிக்காவில் அது 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளின் கலவை. பிறகு, சுழற்றிய எண்ணைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது. கடைசியாக, மறுமுனையில் மணி அடிக்க வைக்கும் மாறுமின்சாரம். வட அமெரிக்காவில் அது 90 வோல்ட் அளவில், 20 ஹெர்ட்ஸ். வெறும் வயரில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றையும் பொய்யாகவாவது தயாரித்துக் கொடுக்க வேண்டும், அல்லது அது தேவையில்லாதபடி செய்ய வேண்டும்.

முதல் குற்றவாளி: மின்னோட்டம்

மோடத்துக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் நடுவே ஒரு தனிச் சுற்று உண்டு. பழைய மோடங்களில் அது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒலியைக் கடத்திவிடும். பிற்காலத்து மோடங்களில் அந்த இடத்தில் ஒரு சிப் வந்துவிட்டது. கம்பிப் பக்கத்துச் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தொலைபேசிக் கம்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கம்பியில் மின்னோட்டம் இல்லை என்றால் அது ஊமை, செவிடு. "சிலருக்கு வெறும் வயரே போதுமாக இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: அவரவர் மோடத்தின் உள்ளே இருப்பது வேறு வேறு.

மருந்து மலிவானது. இரு கம்பிகளில் ஒன்றை வெட்டி, நடுவே ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 390 ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைப்பது. ரெசிஸ்டர் ஒலிச் சிக்னலையும் கொஞ்சம் விழுங்கும் என்பதால், அதற்குப் பக்கவாட்டில் 0.22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. ஒலியின் மேல்பகுதி அதன் வழியே சுற்றிப் போய்விடும்.

இதைச் செய்ததும் முன்னேற்றம் இருந்தது. மோடங்கள் ஒன்றையொன்று கேட்டன, கைகுலுக்கத் தொடங்கின (எந்த முறையில், எந்த வேகத்தில் பேசுவது என்று ஒப்புக்கொள்ளும் கட்டம்), பாதியில் விட்டன. சில சமயம் இணைந்து, நொடிகளில் அறுந்தன. மல்டிமீட்டரை வைத்தபோது விஷயம் வெளிப்பட்டது. எடுத்த நிலையில் இருக்கும் மோடத்தின் இரு முனைகளுக்கிடையே 5, 6 வோல்ட் நிற்க வேண்டும். அதுதான் அந்தச் சிப்பின் சாப்பாடு. இங்கே ஒரே சுற்றில் இரண்டு மோடம். இரண்டுக்குமாகச் சேர்த்து 12 வோல்ட் வரை வேண்டும், நாம் கொடுத்ததோ 9. ரெசிஸ்டருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. மின்னோட்டம் ஓரிரு மில்லிஆம்பியரில் தவித்துக்கொண்டிருந்தது. இன்னொரு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகச் சேர்த்ததும் கணக்கு நேரானது: 18-இல் 12 போக மீதி 6, அதை 390-ஆல் வகுத்தால் 15 மில்லிஆம்பியர். எக்ஸ்சேஞ்ச் தருவதைவிடக் குறைவு, ஆனால் சிப்புகளுக்குப் போதும். அதற்குப் பிறகு கைகுலுக்கல் பாதியில் நின்றது மிக அரிது.

பேட்டரிக்குப் பதில் சுவரில் செருகும் அடாப்டரை வைக்கலாமே என்ற ஆசை வரும். வைத்துப் பார்த்தோம், இணைந்தது. ஆனால் வேகம் படிப்படியாகக் கீழே இறங்கியது. மட்டமான அடாப்டரின் வெளியீட்டில் கலந்து வரும் இரைச்சல் நேராகக் கம்பியில் ஏறுகிறது, மோடத்துக்கு அது மோசமான லைன் போலத் தெரிகிறது. பேட்டரி அமைதியானது. அது தீர்ந்துபோகுமே என்ற கவலையும் பெரிதல்ல: தொடர் சுற்று என்பதால் கன்சோல் லைனை எடுக்காதவரை மின்னோட்டமே கிடையாது. விளையாடும் நேரத்துக்கு மட்டும்தான் செலவு.

ஒரு எச்சரிக்கை இங்கேயே. இந்த வயரை உண்மையான தொலைபேசி இணைப்பில் ஒருபோதும் செருகக் கூடாது. அங்கே 48 வோல்ட் ஏற்கெனவே நிற்கிறது, மணி அடித்தால் 90.

டயல் டோன் என்ற நாடகம்

பிரவுசரில் எக்ஸ்3 போட்டுச் சமாளித்தது ஒட்டுப்போட்ட வேலைதான். ட்ரீம்காஸ்ட்டில் இணைய அமைப்புகள் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கப்படுகின்றன. விளையாட்டுகள் அங்கிருந்து எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளையை எல்லா விளையாட்டுகளும் ஒரே மாதிரி மதிப்பதில்லை. பிரவுசர் இணைந்த பிறகும் சில வட்டுகள் டயல் டோன் இல்லை என்றே அடம்பிடித்தன. கன்சோலை ஏமாற்ற முயல்வதைவிட, அது கேட்பதைக் கொடுத்துவிடுவது மேல்.

கொடுக்க வழி யூஎஸ்பி மோடத்துக்குள்ளேயே இருந்தது. பல மோடங்களுக்குக் குரல் முறை ஒன்று உண்டு, பதிலளிக்கும் கருவியாகப் பயன்பட வேண்டும் என்று வைத்தது. அந்த முறைக்கு மாற்றி லைனை எடுக்கச் சொன்னால், நாம் அனுப்பும் ஒலி மாதிரிகளை அப்படியே கம்பியில் பாடும். நொடிக்கு 8000 மாதிரி, ஒவ்வொன்றும் 8 பிட். 350-உம் 440-உம் கலந்த ஒலியைச் சில வரி பைத்தானில் உருவாக்கித் திரும்பத் திரும்ப அனுப்பினால், கன்சோலின் காதுக்கு அது நிஜ எக்ஸ்சேஞ்ச்.

இதில் கூடுதல் வசதி ஒன்று. குரல் முறையில் இருக்கும் மோடம், எதிர்ப்பக்கம் எண் அழுத்தும் ஒலி கேட்டால் உடனே கணினிக்குத் தெரிவிக்கும். டிஎல்இ என்ற கட்டுப்பாட்டு எழுத்து, அதாவது மதிப்பு 16 உள்ள பைட், அதன் பின்னால் அந்த எண். எனவே நிரல் செய்ய வேண்டியது இவ்வளவே: டோனைப் பாடிக்கொண்டே காத்திரு; முதல் எண் வந்ததும் டோனை நிறுத்து; எண்கள் வருவது ஓய்ந்த பிறகு சில நொடி பொறு; குரல் முறையிலிருந்து தரவு முறைக்கு மாறு; பதிலளி. எந்த எண்ணைச் சுழற்றினாலும் சரிதான். ராஸ்ப்பெரி பைக்காக எழுதப்பட்ட ட்ரீம்பை என்ற மென்பொருளும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. வேலை முடிந்தால் போதும் என்பவர்கள் நேராக அதையே போட்டுக்கொள்ளலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியவர்களுக்குத்தான் இந்த நீண்ட வழி.

நான்காவது பொருளான மணி இங்கே தானாகவே தேவையற்றுப் போனது. வழக்கமான லினக்ஸ் டயல்-அப் சர்வரில் எம்கெட்டி என்ற நிரல் மோடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மணி அடித்ததாக மோடம் சொன்னால் எடுக்கும். வருவது பிபிபி சட்டகம் என்று தெரிந்தால் பிபிபிடி-யிடம் ஒப்படைக்கும். நல்ல நிரல், பல ஆண்டு அனுபவம் உள்ளது. ஆனால் இங்கே மணி அடிக்க யாரும் இல்லை. எம்கெட்டியின் பதிவேடு எந்தப் பிழையும் இல்லாமல் சுத்தமாக இருந்தது, ஏனெனில் அது இன்னும் முதல் மணிக்காகக் காத்துக்கொண்டிருந்தது! யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பி அதைக் கட்டாயப்படுத்தி எடுக்க வைக்கலாம். சோதனைக்கு அது உதவியது. நிரந்தர ஏற்பாட்டில் எம்கெட்டியை ஓரங்கட்டிவிட்டு, டோன் பாடும் பைத்தான் நிரலையே வாசற்காவலாக வைத்தோம்.

இணைந்த நொடியிலேயே அறுந்தது

இப்போது மோடங்கள் கைகுலுக்கின. அந்தக் கரகரப்பும் ஊளையும், பதிலளிக்கும் பக்கம் எழுப்பும் 2100 ஹெர்ட்ஸ் ஒலியும், கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும். கனெக்ட் என்ற செய்தி வந்தது, அதே நொடியில் கேரியர் (மோடங்களுக்கு இடையே தொடர்ந்து ஓடும் இணைப்புச் சிக்னல்) போனது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், தவறாமல். மின்னோட்டப் பிரச்சினை இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. அது ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடைகிறது என்றால் அது மென்பொருள்.

காரணம் ஒப்படைக்கும் முறையில் இருந்தது. பைத்தான் நிரல் கனெக்ட் செய்தியைப் பார்த்ததும் சீரியல் போர்ட்டை மூடிவிட்டு, பிபிபிடி-யைத் தொடங்குகிறது. போர்ட்டை மூடினால் டிடிஆர் என்ற கோடு கீழே இறங்கும். டிடிஆர் இறங்கினால் கணினி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு லைனை வைத்துவிடுவது மோடத்தின் வழக்கமான ஒழுக்கம். மோடம் சொன்னபடிதான் நடந்தது. மூடும்போது லைனை வைக்கும் அந்தக் கொடியை (எச்யூபிசிஎல் என்று பெயர்) டெர்மினல் அமைப்பில் அணைத்த பிறகு இணைப்பு அறுபடாமல் நீடித்தது. டிடிஆரைக் கண்டுகொள்ளாதே என்று மோடத்துக்கே சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் பிபிபிடி முடிந்த பிறகும் மோடம் லைனைப் பிடித்துக்கொண்டே கிடக்கும். கொடியை மாற்றுவதே ஒழுங்கான வழி.

போகிற போக்கில் இன்னொன்று. மேசைக் கணினிகளுக்கான லினக்ஸில் மோடம்மேனேஜர் என்ற சேவை பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். யூஎஸ்பி மோடத்தைச் செருகியதும், இது மொபைல் டேட்டா கருவியா என்று அது கட்டளைகளை அனுப்பித் துழாவும். நம் நிரலும் அதே நேரத்தில் பேசினால் இரண்டு பேர் பேச்சும் கலந்து பதில்கள் குழம்பும். அந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

பிபிபி: பயந்த அளவுக்கு இல்லை

பிபிபிடி-யை விரிவான பதிவு முறையில் ஓடவிட்டால் பேச்சுவார்த்தை முழுவதும் வரி வரியாகத் தெரியும். முதலில் எல்சிபி: பாக்கெட் அளவு, எந்தக் கட்டுப்பாட்டு எழுத்துகளை மறைத்து அனுப்ப வேண்டும் என்பது போன்ற அடிப்படை ஒப்பந்தம். பிறகு அடையாளச் சோதனை. அப்புறம் ஐபிசிபி: கன்சோலுக்கு ஐபி முகவரி, பெயர்களை முகவரிகளாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகள்.

முதல் ஓட்டத்தில் பிபிபிடி கன்சோலை உள்ளே விடவில்லை. இந்தக் கணினிக்கு இணையத்துக்கான இயல்பு வழி இருக்கிறது, எனவே வருபவர் தன்னை நிரூபிக்க வேண்டும் என்பது அதன் வாதம். யாரும் அழைக்கக்கூடிய பொதுத் தொலைபேசி எண்ணில் ஓடும் சர்வருக்கு மிகச் சரியான எச்சரிக்கை. இரண்டு அடி வயரின் மறுமுனையில் இருப்பது ஒரே ஒரு கன்சோல்தான் என்னும்போது தேவையில்லாதது. சோதனை வேண்டாம் என்று ஒரு சொல் சேர்த்ததும் ஒதுங்கி வழிவிட்டது. கன்சோலில் பயனர் பெயர், கடவுச்சொல் கட்டங்களை மட்டும் ஏதாவது எழுதி நிரப்பிவிட வேண்டும். காலியாக விட்டால் சில வட்டுகள் ஏற்பதில்லை.

டிஎன்எஸ் முகவரியைக் கன்சோல் ஐபிசிபி-யின் போதே கேட்கும். பிபிபிடி-யில் எம்எஸ்-டிஎன்எஸ் என்ற விருப்பத்தில் கொடுத்தால் பதில் போய்விடும். பெயரைப் பார்த்து விண்டோஸுக்கு மட்டுமானது என்று ஒதுக்க வேண்டாம். அந்த முறையில் கேட்கும் எவருக்கும் அது பதில் சொல்லும்.

முகவரி விஷயத்தில் ஒரு தேர்வு செய்ய வேண்டியிருந்தது. கன்சோலுக்குத் தனி வலையமைப்பு முகவரி கொடுத்து லினக்ஸிலேயே மாஸ்கரேட் செய்வது ஒரு வழி. அப்படிச் செய்தால் லினக்ஸில் ஒரு முகவரி மாற்றம், ரூட்டரில் இன்னொன்று என்று இரட்டை நேட் ஆகிவிடும். ஆட்டக்காரர்களின் கன்சோல்கள் நேரடியாக ஒன்றோடொன்று பேசும் விளையாட்டுகள் அங்கேயே படுத்துவிடும். அதனால் இன்னொரு வழியை எடுத்தோம்: வீட்டு வலையமைப்பிலேயே, ரூட்டர் யாருக்கும் பகிராத ஒரு முகவரியைக் கன்சோலுக்குக் கொடுத்து, ப்ராக்ஸி ஆர்ப் விருப்பத்தை இயக்குவது. அந்த முகவரியை யார் தேடினாலும் நான்தான் என்று லினக்ஸ் கை தூக்கும், வாங்கியதைக் கன்சோலுக்குத் தள்ளிவிடும். ரூட்டருக்குக் கன்சோல் சாதாரண வீட்டுக் கணினி போலவே தெரியும். போர்ட் திறந்துவிடுவதும் சுலபம். முகவரி லினக்ஸின் ஈதர்நெட் இருக்கும் அதே சப்நெட்டில் (வலையமைப்பின் முகவரி வரம்பில்) இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இல்லாவிட்டால் ப்ராக்ஸி ஆர்ப்புக்கான ஈதர்நெட் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பிபிபிடி முனகும்.

இதற்குப் பிறகு கன்சோலிலிருந்து லினக்ஸ் வரை எல்லாம் போயிற்று. லினக்ஸைத் தாண்டி ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. ஐபி ஃபார்வர்டிங் (ஒரு இடைமுகத்தில் வந்த பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வசதி) இயக்கத்தில்தான் இருந்தது. ஃபயர்வாலின் எண்ணிக்கைகளைப் பார்த்தபோது, கடந்து செல்லும் பாக்கெட்டுகளுக்கான சங்கிலியின் இயல்புக் கொள்கை "கைவிடு" என்று இருந்தது. அந்த மடிக்கணினியில் வேறொரு வேலைக்காக, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. அது தன் பாதுகாப்புக்காக இப்படி மாற்றி வைப்பது வழக்கம். பிபிபி இடைமுகத்திலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் அனுமதிக்கும் இரண்டு விதிகள் சேர்த்தோம், முடிந்தது. வேறு வேலைகளும் பார்க்கும் கணினியை டயல்-அப் சர்வராக ஆக்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இறந்துபோன பெயர்களைத் தட்டும் கன்சோல்

இணைப்பு கிடைத்துவிட்டது, இனி பிரவுசரில் எதையாவது திறக்கலாம் என்றால் பெரும்பாலான தளங்கள் திறக்கவில்லை. இதில் நம் சர்வரின் தவறு எதுவும் இல்லை. இன்றைய தளங்கள் எச்டிடிபிஎஸ் இல்லாமல் பேசுவதில்லை, அதன் குறியாக்க முறையான டிஎல்எஸ்-இல் 1.2 பதிப்புக்குக் கீழே இறங்குவதும் இல்லை. அந்தப் பிரவுசர் அதற்கெல்லாம் பல ஆண்டு முந்தியது. லினக்ஸிலேயே ஒரு சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு, சாதாரண எச்டிடிபி பக்கம் ஒன்றை வைத்துச் சோதித்தோம், பட்டென்று வந்தது. பிரவுசரை அதோடு விட்டுவிட்டோம். இணையத்தில் உலாவ ட்ரீம்காஸ்ட்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

விளையாட்டுகள்தான் நோக்கம். அவற்றின் வட்டில் அன்றைய சர்வர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன, மாற்ற முடியாது. அந்தப் பெயர்களில் பல இன்று எங்கும் போய்ச் சேர்வதில்லை. இங்கே லினக்ஸ் நடுவில் இருப்பது பெரிய வரமாகிறது. டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வரை அதே மடிக்கணினியில் ஓடவிட்டு, வரும் கேள்விகளையெல்லாம் பதிவு செய்யச் சொன்னோம். ஒரு விளையாட்டைப் போட்டு ஆன்லைன் என்ற பொத்தானை அழுத்தினால், திரையில் "இணைகிறது" என்று மட்டும் வரும். லினக்ஸ் பதிவேட்டிலோ அது எந்தப் பெயரை விசாரிக்கிறது, எத்தனை முறை மறுபடி விசாரிக்கிறது என்று அப்படியே ஓடும். அந்தப் பெயருக்கு ரசிகர் சர்வரின் முகவரியைப் பதிலாகச் சொல்லும்படி டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒரு வரி எழுதினால் போதும், வட்டைத் தொடவே வேண்டாம். 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ஃபாண்டஸி ஸ்டார் ஆன்லைனின் லாபி திரையில் வந்தது இப்படித்தான். ரசிகர்களே நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வர்களும் உண்டு. அந்த முகவரியை எம்எஸ்-டிஎன்எஸ்ஸில் கொடுத்துவிட்டால் இந்த வேலையும் மிச்சம். ஆனால் ஒரு விளையாட்டு ஏன் இணையவில்லை என்று தேட வேண்டிய நாளில், கேள்விகள் உங்கள் பதிவேட்டில் இருப்பது எவ்வளவு உதவி என்பது தெரியும்.

56 ஏன் கிடைக்கவில்லை

கன்சோலில் 56 கிலோபிட் மோடம், லினக்ஸிலும் 56 கிலோபிட் மோடம். இணைப்போ 33.6-ஐத் தாண்டவில்லை, பல நேரம் 31.2. மோடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 56 தரும் வி.90 முறை ஒரு சலுகையின் மேல் கட்டப்பட்டது: இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருக்கும். டிஜிட்டலிலிருந்து அனலாகுக்கு ஒரே ஒரு முறைதான் மாற்றம், அதுவும் வாடிக்கையாளரின் கம்பி தொடங்கும் இடத்தில். இரண்டு பக்கமும் சாதாரண அனலாக் மோடம் என்றால் அந்தச் சலுகை போய்விடும், வி.34 முறையின் உச்சமான 33.6-தான் எல்லை. ஆகவே லினக்ஸ் மோடத்தை வி.34-இலேயே பேசும்படி பூட்டிவிட்டோம். முடியாத வி.90-ஐ முயன்று பார்க்கும் நேரம் கைகுலுக்கலில் மிச்சமானது.

விளையாட்டுக்கு வேகத்தைவிடத் தாமதமே முக்கியம். 33,600 பிட் வேகத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று கம்பியைக் கடக்க 357 மில்லிவினாடி ஆகும். நடுவில் அப்படி ஒரு பெரிய பாக்கெட் நுழைந்தால், பின்னால் நிற்கும் சின்ன ஆட்டப் பாக்கெட் அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். 576 பைட்டாகக் குறைத்தால் காத்திருப்பு 137 மில்லிவினாடி. அதனால் பாக்கெட் அளவைக் குறைத்தே வைத்தோம். ஆட்டப் பாக்கெட்டுகள் சின்னவை, 80 பைட் என்றால் 19 மில்லிவினாடிதான். மீதித் தாமதம் மோடங்களின் உள்ளே நடக்கும் கணக்குகளில் போகிறது, அதில் நாம் கை வைக்க முடியாது.

தாமதத்தைக் குறைக்க மோடத்தின் பிழைதிருத்தத்தை அணைத்துவிடு என்ற அறிவுரை பரவலாக உண்டு. வி.42 பிழைதிருத்தம் கெட்டுப்போன துண்டை மறுபடி கேட்டு வாங்கும். அந்த நேரத்தில் ஆட்டம் திக்கும் என்பது உண்மை. ஆனால் அதை அணைத்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க பிட், முடிவு பிட் என்று இரண்டும் கம்பியில் ஏறிக்கொள்கின்றன. நொடிக்கு 4200 பைட் போக வேண்டிய இடத்தில் 3360-தான் போகும். இரண்டு அடி வயரில் பேட்டரி மின்சாரத்தில் பிழையே அரிது என்பதால் பிழைதிருத்தத்தை அப்படியே விட்டோம். தரவுச் சுருக்கத்தை மட்டும் அணைத்தோம். ஆட்டப் பாக்கெட்டுகளில் சுருங்க ஒன்றும் இல்லை.

பேட்டரியும் டோன் நிரலும் வேண்டாம் என்றால்

இணையத் தொலைபேசிக்கான அனலாக் அடாப்டர் ஒன்றில் இரண்டு தொலைபேசித் துளைகள் இருந்தால், அது ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். மின்னழுத்தம், டயல் டோன், மணி மூன்றும் அதிலேயே வரும். எண்ணைக் கேட்டு மறுதுளைக்குத் திருப்பியும் விடும். எம்கெட்டியையும் அதன் பழைய பெருமையோடு திரும்பக் கொண்டுவரலாம். குரலைச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக்குகள் மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும், எனவே ஜி.711 மட்டும், மௌனத்தை வெட்டும் வசதியும் எதிரொலி நீக்கமும் அணைந்திருக்க வேண்டும். விலை கூடுதல், வேலை குறைவு. ஒன்றுக்கு மேற்பட்ட பழைய கருவிகளை இணைக்க நினைப்பவர்களுக்கு இதையே சொல்வேன். ஒரே ஒரு கன்சோலுக்கு இரண்டு பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் தாராளம்.

இந்த அமைப்பில் இன்னும் தீராதது ஒன்றுதான். ஆட்டம் முடிந்து கன்சோலை நேராக அணைத்துவிட்டால், லினக்ஸ் மோடம் எதிராளி போனதைச் சில நேரம் உடனே உணர்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் இருந்தால் அது துண்டிப்பைச் சொல்லியிருக்கும். பிபிபிடி அவ்வப்போது எல்சிபி எதிரொலி அனுப்பி, தொடர்ந்து பதில் வராவிட்டால் இணைப்பை முடிக்கும்படி வைத்திருக்கிறோம். அதுவரை டயல் டோன் திரும்பாது. அந்த இடைவெளியில் மறுபடி ஆட உட்காருபவர் கொஞ்சம் பொறுத்துத்தான் எண்ணைச் சுழற்ற வேண்டும்.